கடலுக்குப் பட்ட கடன்

உரும்பிராய்க்குக் கடல் இல்லை. கிழக்கே கோப்பாய் வெளியைக் கடந்து சென்றால் உப்பாற்றுக் கடனீரேரி கிடக்கிறது என்பது மெய்தான். ஆயினும் அதனை அலையெறியும் கடலென்று எங்களூரார் எவரும் சொல்லார். எங்களுக்கு வாய்த்தவை செம்மண்ணும், கிணறும், வாழையும், வெங்காயமுமே. கற்பகப் பிள்ளையார் கோயில் மணி ஒலித்தால் எங்களுக்குப் பொழுது விடியும். மறுபடி ஒலித்தால் பொழுது சாயும். மீன் என்பது பெட்டி கட்டிய சைக்கிளில் ஒருவர் கூவி விற்றுக்கொண்டு வரும் பண்டம். அது எங்கேயிருந்து வருகிறது, அதைப் பிடித்தவன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட ஊரிலே பிறந்த கமக்காரன் மகன் ஒருவன், அறுபத்தெட்டாம் வயதிலே, விடியுமுன் பஸ் ஏறிக் குறிகட்டுவானுக்குப் போய், அங்கே படகேறி நெடுந்தீவிலே இறங்கி, பிறருடைய வலையில் அகப்பட்ட ஆமையை விடுவிக்கப் போகிறான் என்றால் ஊரார் சிரியாமல் என் செய்வர்? "ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு பெரியாக்கள் சொல்லியிருக்கினம். நீ என்னடாவெண்டால் ஆமையைத் தேடிக்கொண்டு போறாய்!" என்று என் தமையனார் ஒருநாள் கிணற்றடியில் நின்று கேட்டார். அன்று அவருக்கு மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மறுமொழிதான் இக்கட்டுரை.

எனக்கு எட்டு வயதிருக்கும். 1965ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன். தந்தையார் வெங்காயம் ஏற்றிச் சென்ற வண்டியிலே நானும் தொற்றிக்கொண்டு கரையோரச் சந்தை ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே மணலின் மீது ஓர் ஆமை மல்லாத்திப் போடப்பட்டிருந்தது. அதைச் சுற்றிலும் கூட்டம். அதன் இறைச்சியைத் துண்டு துண்டாக அறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதிலே புதுமை ஒன்றுமில்லை. ஆடு அறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஆமை இன்னும் சாகவில்லை. முன்கால்கள் காற்றிலே நீந்திக்கொண்டிருந்தன. கண்களிலிருந்து நீர் வழிந்தது. தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு, "அப்பு, அது அழுகுது" என்றேன். அவர் என் முகத்தைத் தம் வேட்டித் தலைப்பால் மூடி அப்பால் அழைத்துச் சென்றார். அன்று வீடு திரும்பும் வரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஆமையின் கண்ணீர் துயரத்தின் கண்ணீர் அன்று என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தேன். கடல்நீரோடு உடலிற் சேரும் மிகையான உப்பைக் கண்ணருகேயுள்ள சுரப்பிகள் வழியாக அது வெளியேற்றுகிறது, அவ்வளவே. உண்மை இதுவென்று அறிந்த பின்னும் எட்டு வயதிற் கண்ட காட்சி மாறவில்லை.

நான் கண்டது எங்கள் காலத்துக் கொடுமை மட்டும் அன்று என்பதையும் நூல்களிலேதான் அறிந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1861ஆம் ஆண்டு வெளிவந்த தமது இலங்கை இயற்கை வரலாற்று நூலிலே, யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் ஆமை உயிரோடிருக்கும்போதே துண்டு துண்டாக விற்கப்படுவதைக் கண்டு அருவருத்து எழுதியிருக்கிறார். நூறாண்டின் பின்னும் அதே காட்சியை ஒரு சிறுவன் கண்டான் என்றால், வழக்கம் என்பது எத்துணை வலியது!

அதே நூலில் வேறு இரண்டு செய்திகளும் உள. 1840ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பாணந்துறையில் ஆமையிறைச்சி உண்ட 28 பேர் நோயுற்று, அவர்களுள் 18 பேர் அன்றிரவே மாண்டனர் என்பது ஒன்று. சில காலங்களில் ஆமையின் தசை நஞ்சாகிவிடும். சமைத்தாலும் அந்த நஞ்சு நீங்காது. மற்றச் செய்தி இன்னும் வியப்பானது. 1826ஆம் ஆண்டு அம்பாந்தோட்டைக்கு அருகே ஓர் அழுங்காமை பிடிபட்டது. அதன் துடுப்புக் காலிலே ஒரு வளையம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஆமை தான் முட்டையிட்ட கரைக்கே மீண்டும் மீண்டும் வருமா என்று அறிய விரும்பிய ஒல்லாந்து அதிகாரி ஒருவர் மாட்டிவிட்ட வளையம் அது. ஒல்லாந்தர் ஆட்சி போய் ஆங்கிலேயர் ஆட்சி வந்துவிட்டது, கொடி மாறிவிட்டது, ஆமை மட்டும் தன் கரையை மறக்கவில்லை.

கரையை மறவாமை என்றால் என்னவென்று எனக்கு 1987ஆம் ஆண்டின் பின்னரே விளங்கிற்று. அந்த ஆண்டு ஒக்டோபர் மாதப் போரிலே எங்களூர் பட்ட பாட்டை இங்கே எழுதப் புகவில்லை. மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு நான் சென்னை சேர்ந்தேன். பெசன்ட் நகருக்கு அணித்தாக ஒரு சிற்றறையில் குடியிருந்து, பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தேன். 1990ஆம் ஆண்டு மாசி மாதம், என்னிடம் படித்த மாணவன் ஒருவன், "சார், இன்று இரவு ஆமை பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்டான். ஆமை என்ற சொல்லைக் கேட்டதும் பழைய சந்தை கண்முன் வந்தது. வேண்டாமென்று சொல்ல எண்ணியவன், ஏனோ, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சென்னைக் கடற்கரையில் ஆமைக்காக இரவிலே நடப்பது எழுபதுகளின் தொடக்கத்திலே பாம்புப் பண்ணையைச் சார்ந்த சிலரால் ஆரம்பிக்கப்பட்ட பணியாகும். 1988ஆம் ஆண்டிலிருந்து அதனை மாணவர்களே ஏற்று, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்ற பெயரில் நடத்தி வருகிறார்கள். தை முதல் பங்குனி வரையான இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும், ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தூரம், மணலிலே நடந்து ஆமையின் தடத்தைத் தேட வேண்டும். சம்பளம் இல்லை. காலையிலே கல்லூரிக்குப் போக வேண்டியவர்கள் விடியும் வரை நடந்தார்கள். நானும் நடந்தேன்.

நள்ளிரவு கடந்த பின்னர் அந்தத் தடத்தைக் கண்டோம். ஈரமணலிலிருந்து மேட்டை நோக்கி, வண்டிச் சில்லு உருண்டாற்போல ஒரு சுவடு. அதன் முடிவிலே ஒரு பங்குனி ஆமை தன் பின்கால்களால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. வாய் ஒடுங்கி அடி பருத்த குடம்போன்ற குழி. ஏறக்குறைய ஒரு முழ ஆழம். வெள்ளைப் பந்துகள்போல முட்டைகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. நூறுக்குமேல் இருந்தன. முட்டையிட்டு முடித்ததும் மணலைத் தள்ளி மூடி, தன் உடம்பின் பாரத்தாலேயே அமுக்கி மட்டஞ்செய்து, திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விட்டது. அதன் கண்களிலும் நீர் வழிந்தது. ஆனால் இந்தமுறை அது மல்லாந்து கிடக்கவில்லை. தன் வழியிலே தான் போய்க்கொண்டிருந்தது. நான் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

முட்டைகளை அங்கேயே விட்டால் நாய் தோண்டும், மனிதரும் தோண்டுவர். ஆதலால் அவற்றைச் சில மணி நேரத்துக்குள், புரண்டு விடாதபடி எடுத்துச் சென்று, வேலியடைத்த காப்பிடத்திலே அதே அளவான குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளின் பின் குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு வெளிவரும். கடலின் மங்கிய ஒளியை நோக்கி ஓடுவது அவற்றின் இயல்பு. நகரத்திலோ தெருவிளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருக்கிறது. அதனை நம்பிய குஞ்சு தெருவுக்கு ஓடிச் சக்கரத்தின் கீழே நசுங்கும். ஆகவே குஞ்சுகளையும் கொண்டுபோய் நீரருகே விட வேண்டும். அப்படி விடும் ஆயிரத்தில் ஒன்றே முதுமை எய்தும் என்று மதிப்பிடுவர்.

அகநானூற்றிலே நெய்தற் பாட்டொன்று இருக்கிறது. அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டிலே பெண் ஆமை முட்டையிட்டுப் புதைத்துச் செல்ல, குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காத்து நிற்கும் என்று அதனைப் பாடிய புலவர் கூறுகிறார். இன்றைய ஆராய்ச்சியாளர் இதை ஒப்பமாட்டார்கள். ஆண் ஆமை கரைக்கு வருவதே அரிது. முட்டைக்குக் காவல் எவருமில்லை. புலவர் கண்டது பிழையாக இருக்கலாம். ஆயினும் அந்த முட்டைக்கு ஒரு காவல் வேண்டும் என்று அவர் நெஞ்சு விரும்பியது பிழையன்று. ஈராயிரம் ஆண்டின் பின்னர் அந்தக் காவலை ஒரு சில கல்லூரிப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கிடையே நாடற்ற ஒருவனும் நின்றான்.

அந்த நடைகளின்போதே சதீஷ் பாஸ்கர் என்பவரைப் பற்றிக் கேள்வியுற்றேன். சென்னையிலே பொறியியற் படிப்பை இடையிலே விட்டுவிட்டு ஆமைகளின் பின்னே போனவர் அவர். 1982ஆம் ஆண்டு, மழைக்காலத்தில் எந்தப் படகும் அணுகாத இலட்சத்தீவுக் கூட்டத்துச் சுஹேலி என்னும் ஆளற்ற தீவிலே பல மாதம் தன்னந்தனியே தங்கி, முட்டையிட வரும் பேராமைகளைக் கணக்கெடுத்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் போத்தலில் அடைத்துக் கடலிலே எறிந்தார். சில வாரங்களின் பின் அந்தப் போத்தல் எங்கள் இலங்கைக் கரையிலே ஒதுங்கிற்று. அதைக் கண்டெடுத்த கடற்றொழிலாளர் ஒருவர், முன்பின் அறியாத அந்தப் பெண்ணுக்குக் கடிதத்தைத் தபாலில் அனுப்பி வைத்தார். பாஸ்கர் 2023ஆம் ஆண்டு காலமானார். ஆமைகளைப் பற்றி அவர் எழுதிவைத்த கணக்குகள் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படும். எனக்கோ அந்தத் தொழிலாளியின் நினைவே மேலோங்கி நிற்கிறது. ஒருவர் கடலுக்கு நம்பிக்கொடுத்ததை மற்றவர் கரையிலே காத்துக் கொடுத்தார். இரண்டும் தொண்டுதான்.

2011ஆம் ஆண்டு நான் உரும்பிராய்க்குத் திரும்பினேன். வீட்டின் கூரை இல்லை, கிணறு இருந்தது. சில ஆண்டுகள் பாடசாலையொன்றில் படிப்பித்து ஓய்வுபெற்ற பின், நெடுந்தீவிலே கணிதம் சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்று ஒருவர் சொன்னதால் வாரத்தில் இருநாள் அங்கே போகத் தொடங்கினேன். முருகைக்கல் அடுக்கிய மதில்களும், கட்டாக்காலிக் குதிரைகளும், பனைகளும், எங்கும் வீசும் உப்புக் காற்றும் எனக்குப் புதிய உலகமாக இருந்தன. பாடம் முடிந்ததும் பிள்ளைகளோடு கரையிலே நடப்பேன். அறுந்து ஒதுங்கிய நைலோன் வலைத்துண்டுகளைக் கண்டால் பொறுக்கிச் சேர்ப்போம். கைவிட்ட வலை கடலிலே கிடந்தால் அது எவருக்கும் பயனின்றி ஆண்டுக்கணக்காக மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டேயிருக்கும். இப்படி நாலைந்து பேர் கூடினோம். சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. தலைவர் செயலாளர் என்று எவரையும் தெரியவுமில்லை.

உலகிலே உள்ள கடலாமை இனங்கள் ஏழு. அவற்றுள் ஐந்து இலங்கைக் கரைகளிலே முட்டையிடுகின்றன. பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்பன அவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தத்தால் இவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் குற்றமாயின. சட்டம் சந்தையிலிருந்து ஆமையை அகற்றிற்று. ஆனால் வலையிலிருந்து அகற்றவில்லை. ஆமை நம்மைப்போல நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. வலையிலே சிக்கி மேலே வர முடியாதுபோனால் தண்ணீரிலேயே மூச்சடைத்துச் சாகும்.

ஒருநாட் காலை, கரையிலே வலை இழுத்துக்கொண்டிருந்தவரிடம் பிள்ளைகள் ஓடிவந்து, ஆமை ஒன்று உயிரோடு சிக்கியிருக்கிறது என்றார்கள். நாங்கள் நால்வரும் விரைந்து போனோம். இளம் பேராமை, ஓடு இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவு. வலை அதன் கழுத்தையும் ஒரு முன்காலையும் சுற்றி இறுக்கியிருந்தது. "தம்பி, வலையை வெட்டினால்தான் தப்பும்" என்றேன்.

அவர் கையிலே கத்தி இருந்தது. ஆனால் வெட்டவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், வெயிலிலே வெந்த உடம்பு.

"மாஸ்ரர், போன கிழமை இழுவைப் படகு என்ரை பதினைஞ்சு துண்டு வலையை அள்ளிக்கொண்டு போச்சுது. அதுக்கு ஒருத்தரும் இந்தக் கரைக்கு வந்து என்ன ஏதெண்டு கேக்கேல்லை. இண்டைக்கு ஒரு ஆமைக்கு நாலுபேர் வந்து நிக்கிறியள்."

நான் வாய் திறக்கவில்லை. அவரே தொடர்ந்தார்.

"நான் ஆமை தின்னிற ஆளில்லை. விக்கிற ஆளுமில்லை. ஆனால் நீங்கள் பின்னேரப் படகிலை போயிடுவியள். வெட்டின வலையோடை நான்தான் இஞ்சை இருக்க வேணும்."

இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? ஆமை பேராமையா பங்குனி ஆமையா என்று எனக்குத் தெரியும். அது முட்டையிடும் பருவத்தை அடைய இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் செல்லும் என்று தெரியும். ஒரு துண்டு வலை என்ன விலை என்று தெரியாது. அவர் சொன்ன இழுவைப் படகுகளும் எனக்கு அந்நியமானவை அல்ல. அவை வருவது, என்னை இருபத்துமூன்று ஆண்டு வைத்துச் சோறிட்ட தமிழ்நாட்டுக் கரையிலிருந்து. அங்கே நின்றுதான் ஆமையின் அருமையை நான் கற்றேன். அந்தக் கரையிலிருந்தே கடலடியை வழித்துச் செல்லும் மடிகளும் வருகின்றன. கடலடி இழுவைமடித் தொழிலை இலங்கை 2017ஆம் ஆண்டு சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் சட்டம் எழுதிய தாள் கடலிலே மிதந்து போய் எவரையும் தடுப்பதில்லை.

அந்த மடி கடலடியிலே எதை வழிக்கிறது என்பதையும் வாசகர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. பாக்கு நீரிணையின் ஆழங்குறைந்த அடிநிலமெங்கும் கடற்புல் வளர்ந்திருக்கிறது. கரையொதுங்கும்போது அதனை எங்கள் பகுதியார் சாதாளை என்பர். வளர்ந்த பேராமைக்கு அதுவே மேய்ச்சல். கடற்பசுவுக்கும் அதுவே உணவு. இறாலும் மீன்குஞ்சும் ஒளிந்து வளரும் தொட்டிலும் அதுவே. கடற்பசுவைக் காப்பதற்காகவே 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு பாக்கு விரிகுடாவிலே 448 சதுர கிலோமீற்றர் பரப்பை ஒதுக்கிக் காப்பகமாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் கோடு கீறிய கடலுக்கு அப்பாலும் புல் இருக்கிறது. அந்தப் புல்லை நம்பி நெடுந்தீவிலே ஒருவரும் இருக்கிறார்.

அவர் கோபம் நியாயமானது. ஆமையோ மூச்சுக்குத் தவித்தது. நான் மணலிலே உட்கார்ந்து, வலையை என் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முடிச்சு முடிச்சாக அவிழ்க்கத் தொடங்கினேன். பிள்ளைகள் ஆமையின் மேலே ஈரச் சாக்கைப் போட்டு நீர் ஊற்றினார்கள். அரைமணி நேரம் கழிந்திருக்கும். என் விரல்கள் வெட்டுண்டு உப்பு எரிந்தது. அவர் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு பெருமூச்செறிந்து குனிந்து, "இப்பிடி அவிட்டால் நாளைக்குத்தான் முடியும், மாஸ்ரர்" என்று சொல்லிக் கத்தியை இரண்டிடத்தில் வைத்தார். பதினொரு கண்கள் அறுந்தன. ஆமையை இருவராகத் தூக்கி நீரிலே விட்டோம். ஒரு கணம் மிதந்தது, தலையை உயர்த்தி மூச்செடுத்தது, போய்விட்டது.

நான் சட்டைப் பையிலே கை வைத்தேன். அவர் முகம் கறுத்தது. "காசு வேண்டாம். பொத்தத் தெரியுமோ?" என்றார்.

தெரியாது என்றேன். "இருங்கோ, காட்டித்தாறன்" என்றார்.

அன்று பின்னேரப் படகை விட்டுவிட்டேன். வலை முடையும் ஊசியிலே நூல் சுற்றவும், கண்ணின் அளவு பிசகாமல் முடிச்சிடவும் அவர் கற்றுக் கொடுத்தார். நான் முடிந்த முதல் நாலு கண்களையும் அவிழ்த்துவிட்டு மறுபடி முடியச் சொன்னார். நாற்பது வருடம் பிறர் பிள்ளைகளுக்குப் பிழை திருத்தியவன் நான். அன்று என் பிழை திருத்தப்பட்டது. பதினொரு கண்ணும் முடிய இருட்டிவிட்டது. அந்த இரவிலே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. ஆமைக்காக எந்த வலையை எவர் வெட்டினாலும், அறுந்த கண்களை நாங்கள் வந்து பொத்திக் கொடுப்போம், நூலும் எங்களுடையது.

தொண்டு என்பதைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அந்தப் பதினொரு கண்களிலே அடங்கும். தெற்கே உல்லாசப் பிரயாணிகள் வரும் கரைகளில் ஆமைக்குஞ்சுகளைத் தொட்டியிலே வைத்துக் காட்டும் இடங்கள் பல உள. தூர தேசங்களிலிருந்து நல்ல மனத்தோடு வரும் இளைஞர்கள் பணமும் கொடுத்து அங்கே சேவை செய்கிறார்கள். ஆனால் குஞ்சு முட்டையை விட்டு வெளிவந்த முதல் நாளிலேதான் அதற்குக் கரையைவிட்டு வெகுதூரம் நீந்தும் வெறி இருக்கும். நாட்கணக்காகத் தொட்டியிலே சுற்றிய குஞ்சுக்கு அந்த வலிமை போய்விடும். அன்பு இருந்தால் மட்டும் போதாது. எதைச் செய்யாதிருக்க வேண்டும் என்ற அறிவும் வேண்டும். இதற்கு மாறாக, 1993ஆம் ஆண்டு தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புத் திட்டம் என்னும் நிறுவனத்தார் ரெக்காவக் கரையிலே வேறு வழியைக் கண்டனர். முட்டை தோண்டி விற்றுப் பிழைத்த அவ்வூர் மக்களையே, 1996ஆம் ஆண்டிலிருந்து, சம்பளம் கொடுத்து முட்டைக்குக் காவலர் ஆக்கினர். முட்டை இட்ட இடத்திலேயே பொரித்தது. வீட்டிலே அடுப்பும் எரிந்தது. பின்னர் 2006ஆம் ஆண்டு அந்தக் கரை சரணாலயமாயிற்று.

நம் கைக்கு அடங்காத கேடுகளும் உள என்பதை மறுக்கவில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பாலே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதம் மூழ்கிற்று. அதிலிருந்து கொட்டிய பிளாஸ்ரிக் மணிகள் கரைகளை வெள்ளையாக்கின. அதன்பின் பல வாரங்களாக நூற்றுக்கணக்கான ஆமைகளின் உடல்கள் ஒதுங்கின. மக்கள் அரிதட்டை எடுத்துக்கொண்டு மணலை அரித்தார்கள். 2025ஆம் ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. பெரிய கேட்டுக்குப் பெரிய மன்றமே வேண்டும். சிறிய வலைக்கு ஓர் ஊசி போதும். ஆனால் அந்த ஊசியைப் பிடிக்க ஆள் வேண்டும்.

இனி என் தமையனாரின் கேள்விக்கு வருகிறேன். இக்கதையை நான் சொல்லியபோது அவர் கிணற்றடியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணை, இந்தக் கிணறு எங்கே தோண்டியிருக்கு?" என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் முழுவதும் மிகப் பழைய காலத்துக் கடலடியிலே சிப்பியும் முருகையும் படிந்து உறைந்தது. எங்கள் செம்மண்ணுக்குக் கீழே கிடப்பது கடலின் எலும்பு. அந்தக் கல்லின் வெடிப்புகளிலே மழைநீர் தங்கி, உப்புநீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதக்கிறது. அந்த மெல்லிய நன்னீரையே நாம் இறைத்துக் குடிக்கிறோம், வாழைக்கும் பாய்ச்சுகிறோம். நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உப்புநீரும் இருப்பதை அவரும் அறிவார். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருக்கும் கடல் மேலே வரும். நாம் கொட்டும் உரமும் நஞ்சும் அதே வெடிப்புகளின் வழியே கடலைத் தேடிப் போகும். உரும்பிராய்க்குக் கடல் இல்லையென்று சொன்னேன், அது பிழை. கடல் எங்களுக்குப் பக்கத்தில் இல்லை, அடியிலே இருக்கிறது.

தமையனார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து தோட்டத்துக்குள் போய், முற்றிய கதலிக் குலையொன்றை வெட்டிக்கொண்டு வந்தார். "இதை அந்த மனிசனிட்டைக் குடு. ஆமைக்கில்லை, பதினைஞ்சு துண்டு வலை போன மனிசனுக்கு" என்றார்.

அடுத்த கிழமை அந்தக் குலை என்னோடு படகேறிற்று. திரும்பி வரும்போது, கரையொதுங்கிக் காய்ந்த சாதாளை ஒரு சாக்கு நிறையக் கிடைத்தது. "வாழையடியிலை போடச் சொல்லுங்கோ. மழைத்தண்ணியிலை நல்லா ஊறவிட்டு, உப்புப் போனாப் பிறகு" என்று அவர் சொல்லியனுப்பினார். தமையனார் அப்படியே செய்தார். ஆமை மேயும் புல் எங்கள் வாழைக்கு எருவாயிற்று.

இதனை எழுதிக்கொண்டிருந்தபோது, நேற்றிரவு, தொலைபேசி ஒலித்தது. காற்றின் இரைச்சலுக்கிடையே அவர் குரல் கேட்டது.

"மாஸ்ரர், பின்னேரம் ஒண்டு பட்டது. பெரிசு. விட்டிட்டன். இருபத்திரண்டு கண்."

"காலமை முதற் படகுக்கு வாறன், தம்பி" என்றேன்.

நூற்பந்தும் ஊசியும் பையிலே இருக்கின்றன. தமையனார் தாமும் வருவதாகச் சொல்கிறார். எழுபத்துநாலு வயதிலே கடலிலே படகேறப் போவது அவருக்கு இதுவே முதன்முறை. பஸ் ஐந்தரை மணிக்கு.